முன் சீற்றும் முப்பத்தொன்பது படியும்

என் கணவர் இராஜதுரை நித்திரை கொள்ளாமல் இருக்கும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது காரின் ஸ்டியரிங்குக்கு முன்னால். அதனால்தான் அன்றைக்கு எனக்கு அந்த முன் சீற் வேண்டியிருந்தது.

விளங்கச் சொல்கிறேன். பலெர்மோவில் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு வீட்டு வேலைதான். நான் வீடுகள் துடைக்கிறேன். காலையில் போனால் மத்தியானம் திரும்பிவிடுவேன். இவருடையது ‘ஃபிஸ்ஸோ’. அதாவது வயதுபோன ஒருவரின் வீட்டிலேயே இரவு பகலாகத் தங்கி அவரைப் பார்த்துக்கொள்வது. வியாழன் பின்னேரமும் ஞாயிறு பகலும் மட்டும் லீவு. பதினாறு வருடமாக இதே வேலை, கடைசி ஒன்பது வருடமாக ஒரே கிழவர். அவர் ஓய்வுபெற்ற வக்கீல். ஊரே அவரை ‘அவ்வொக்காத்தோ’ என்றுதான் கூப்பிடும், வக்கீல் ஐயா என்கிற மாதிரி. எண்பத்தேழு வயது. இரவில் மூன்று தரம் எழும்புவார். அவர் எழும்பினால் இவரும் எழும்ப வேண்டும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் பலெர்மோவின் சீசா என்ற பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வருவது ஒரு மனிதர் இல்லை, ஒரு கிழமை நித்திரை. தேத்தண்ணியைக் குடிப்பார். “சொல்லும் ஈசு” என்பார். என் முழுப்பெயர் குகனேஸ்வரி. நான் சொல்லத் தொடங்குவேன். மூன்றாவது வசனத்தில் குறட்டை கேட்கும். அதற்காக நான் நிறுத்துவதில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டே மிச்சத்தையும் சொல்லி முடிப்பேன். பதினேழு வருடக் கலியாணத்தில் நான் சொன்னதில் முக்கால்வாசியைத் தலையணைதான் கேட்டிருக்கிறது.

பயணம் என்ற எண்ணம் மகள் நிலக்ஷியுடையது. அவளுக்குப் பதினைந்து வயது. ஃபோனில் அமெரிக்காவின் பாலைவனப் பள்ளத்தாக்குகளைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். ஒரு நாள் அந்த ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அம்மா, உது இஞ்சையே இருக்கு. எங்கட சிசிலியாவிலை. நடுவிலை காய்ஞ்ச மண் மலையள், அங்காலை கறுப்புக் கல்லைப் பிளந்துகொண்டு ஒரு ஆறு. மூண்டு மணித்தியாலம்தான் கார் ஓட்டம்.”

அவள் சொன்ன மலையும் ஆறும் என் காதில் ஏறவில்லை. மூன்று மணித்தியாலம் என்பது மட்டும் ஏறியது. போக மூன்று, வர மூன்று. ஆறு மணித்தியாலம் என் மனிதர் கண்ணை முழித்துக்கொண்டு என் பக்கத்தில் இருக்கப் போகிறார்.

ஆகஸ்ட் லீவுக்கு அவ்வொக்காத்தோவின் மகள் மிலானோவில் இருந்து வந்து மூன்று நாள் தகப்பனோடு நிற்பதாகச் சொல்லியிருந்தா. தகப்பனின் பழைய வெள்ளைக் காரையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னா. கேட்டவுடன் நான் மனதுக்குள் சொல்ல வேண்டியவற்றை அடுக்கத் தொடங்கிவிட்டேன். நிலக்ஷியின் பள்ளிக்கூடம், மேல்வீட்டுக்காரியின் தண்ணீர் ஒழுக்கு, என் முழங்கால். கடைசியாக, உண்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று. இரவு வேலையை விடுங்கோ. பகலில் அவரைப் பாருங்கோ, இரவுக்கு வேறு ஒரு ஆளை வைக்கச் சொல்லுங்கோ. எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. இன்னும் மூன்று வருடத்தில் பிள்ளை படிக்க எங்கேயாவது போய்விடுவாள். அதற்குப் பிறகு நீங்கள் வீட்டுக்கு வந்து என்ன, வராமல் என்ன.

ஃபோனில் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஃபோனில் கதைக்கத் தொடங்கினால் பின்னாலிருந்து “ராஜா!” என்று கிழவரின் குரல் வரும். “பிறகு கதைப்பம்” என்று இவர் வைத்துவிடுவார். அந்தப் பிறகு இன்னும் வந்து சேரவில்லை.

பல்லரோ சந்தையில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். முன் சீற்றில் இருந்து போகிறவளுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியாவது வேண்டாமா.

ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பிப் புட்டு அவித்தேன். கோழிக் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், இருபது றோல்ஸ், சுடுதண்ணிப் போத்தல் நிறையத் தேத்தண்ணி. ஆறு மணிக்குக் கீழே ஹோர்ண் அடித்தது. நானும் நிலக்ஷியும் பானையும் பையுமாக இறங்கினோம். நான் கறுப்புக் கண்ணாடியை வீட்டிலேயே போட்டுக்கொண்டு இறங்கியபடியால் முதலில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. முன் சீற்றில் ஒரு தொப்பி இருந்தது. தொப்பிக்குக் கீழே அவ்வொக்காத்தோ இருந்தார்.

“போன்ஜோர்னோ, சிஞ்ஞோரா” என்று தொப்பியைத் தூக்கினார். சூட்டும் கழுத்துப்பட்டியும் போட்டிருந்தார், நீதிமன்றத்துக்குப் போகிறவர் மாதிரி.

இவர் காரை விட்டிறங்கி வந்து பானையை வாங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“மகள் வரேல்லை, ஈசு. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சலாம். ராத்திரித்தான் சொன்னவ.”

“அதுக்கு?”

“தனிய விட்டிட்டு வரேலுமே? ஞாயிறிலை இவரைப் பாக்க வாற தம்பியின்ரை மகளும் கடலுக்குப் போட்டுது.”

“அப்ப நாங்கள் போகாமல் விட்டிருக்கலாம்.”

“பிள்ளை எத்தினை நாளா ஆசைப்பட்டவள். நீர் கோவிக்காதையும்.”

நான் கோபிக்கவில்லை. கோபம் என்றால் கத்தித் தீர்த்துவிடலாம். இது அழுகை. தெருவில் நின்று, அதுவும் ஒரு வக்கீலுக்கு முன்னால் அழ எனக்கு விருப்பமில்லை. பையில் இருந்த நாலு தேசிக்காயை எடுத்துக் காரின் நாலு சில்லுக்கும் கீழே வைத்தேன். தூரப் பயணம் தொடங்கும்போது எங்கள் வழக்கம் அது. அவ்வொக்காத்தோ கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

“ராஜா, உன் மனைவி நல்ல எலுமிச்சம்பழத்தை வீணாக்குகிறாளே” என்று இத்தாலியனில் கவலைப்பட்டார்.

“வீணாப் போனது எலுமிச்சம்பழம் மட்டுமில்லை எண்டு சொல்லுங்கோ” என்றேன் தமிழில். இவர் மொழிபெயர்க்கவில்லை.

கார் புறப்பட்டது. பலெர்மோ முடிந்து நெடுஞ்சாலை மலைகளுக்குள் ஏறியது. பின் சீற்றில் என் மடியில் புட்டுப் பானை. முன் சீற்றில் கிழவர் ஒவ்வொரு ஊரின் பெயரையும் சொல்லிக்கொண்டு வந்தார். “சி, அவ்வொக்காத்தோ”, ஓம் வக்கீல் ஐயா, என்று இவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கண் நன்றாகத் திறந்திருந்தது. மூன்று கிழமையாக நான் சேர்த்து வைத்த கண்கள் அவை. அவற்றின் பின்பக்கத்தைத்தான், அதாவது பிடரியைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். பிடரியில் நரை நிறைய வந்துவிட்டது. அது எப்போது வந்ததென்று எனக்குத் தெரியாது.

கிழவருக்கு முன்னால் தமிழில் கதைத்தால் என்ன என்று தோன்றாமல் இல்லை. ஆனால் ஒன்பது வருடத்தில் அவர் ‘தண்ணி’, ‘போதும்’, ‘மெதுவா’ என்ற மூன்று சொற்களோடு முகத்தை வாசிக்கவும் பழகியிருந்தார். அவரைப் பற்றியே ஒன்றை அவருக்குப் பின்னால் இருந்து சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

என்னா என்ற ஊர் தாண்டியதும் கிழவர் கைத்தடியால் டாஷ்போர்டில் தட்டினார். இதில் திரும்பு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் காட்ட வேண்டிய இடம் இருக்கிறது என்றார். இவர் மறு கேள்வி கேட்காமல் திருப்பினார். நான் ஆறு மாதமாகக் கேட்டும் சமையலறை பல்ப்பை மாற்றாத மனிதர்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த இடம் என் வாயை மூட வைத்தது. பலெர்மோவுக்கு வந்து பதினெட்டு வருடம், சிசிலியா என்றால் கடலும் கட்டடமும் பஸ்சும்தான் என்று இருந்தேன். இங்கே ஒரு மரம் இல்லை. சாம்பலும் மஞ்சளுமான களிமண் குன்றுகள், மழை அறுத்த வெடிப்புகள் மேலிருந்து கீழ்வரை. குன்றுகளுக்கு நடுவே தண்ணீர் இல்லாத ஓர் ஆறு வெள்ளைக் கல்லாகக் கிடந்தது. அடுப்பில் மறந்துபோய் விட்ட புட்டுமா மாதிரி நிலம் முழுக்கக் கட்டிகட்டியாக இறுகியிருந்தது. கார் நிற்க முன்னமே நிலக்ஷி கதவைத் திறந்தாள்.

“மம்மா மியா, அம்மா! அரிசோனா!”

ஓடிப்போய் ஒரு வெடிப்புக்குள் இறங்கிக் கைதட்டினாள். சத்தம் திரும்பி வந்தது. கிழவர் இறங்கித் தடியை ஊன்றி நின்று, இந்தக் குன்றுகள் எல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தவை என்றார். பிறகு இவரின் காதில் ஏதோ சொன்னார். இவர் அவரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய மண்திட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். மூத்திரம் பெய்ய.

நான் காரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது இவருடைய வலக்கை கிழவரின் முழங்கைக்குக் கீழே இருந்தது. இறுக்கிப் பிடிக்கவில்லை. விழப்போனால் தாங்கும் அளவுக்கு, விழாவிட்டால் தெரியாத அளவுக்கு. கல் வந்தால் சொல்லாமலே கை கொஞ்சம் உயர்ந்தது. எனக்கு ஒரு பக்கம் பெருமையாக இருந்தது. மறுபக்கம் பொறாமையாக இருந்தது. எண்பத்தேழு வயதுக் கிழவர் மேல் பொறாமைப்பட்ட முதல் பெண் நானாகத்தான் இருப்பேன்.

அதன்பிறகு புகை விடுகிற எத்னா மலை வந்தது, கத்தானியா வந்தது, கடல் வந்தது. கடலை விட்டு உள்ளே திரும்பியதும் எல்லாம் பச்சை. தேசித் தோட்டங்கள், நாணல். பத்தரை மணிக்கு ஆற்றுக்கு மேலே இருந்த ஒரு மல்பெரி மரத்தடியில் காரை நிறுத்தினோம். ஆறு கீழே, ஆழத்தில். இறங்க இருநூறுக்கு மேலே படி. கொஞ்சம் தள்ளி மறு வாசலில் லிஃப்ட் இருக்கிறது என்று நிலக்ஷி சொன்னாள்.

“லிஃப்டா? இல்லை” என்றார் அவ்வொக்காத்தோ. எப்போதோ ஒரு லிஃப்டில் இரண்டு மணித்தியாலம் மாட்டுப்பட்டவராம். அன்றையிலிருந்து லிஃப்ட் இல்லை. அவருடைய வீடு மூன்றாம் மாடி. ஒவ்வொரு நாளும் பின்னேரம் இவர்தான் அவரை நடத்திக் கொண்டுபோய்க் காற்று வாங்க வைத்து, திரும்ப மூன்று மாடியும் ஏற்றுவார்.

“நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ. நான் இவரோடை நிக்கிறன்” என்றார் இவர். எனக்கு அது முன்னமே தெரியும்.

நானும் மகளும் இறங்கினோம். இரண்டு பக்கமும் கறுப்புக் கல் சுவர், வானத்தைத் தொடுகிற உயரத்துக்கு. யாரோ சீவிச் சீவி அடுக்கி வைத்த மாதிரி வரிவரியான தூண்கள். நடுவே பச்சைத் தண்ணீர். கால் வைத்தால் எலும்புக்குள் போய்க் குத்துகிற குளிர். ஆகஸ்ட் வெயிலுக்குள் இருந்து வந்தவர்கள் எல்லாரும் தண்ணீரைத் தொட்டதும் ஒரே சத்தத்தில் கத்தினார்கள். நிலக்ஷி இடுப்பளவு தண்ணீரில் நின்று என் மேல் தண்ணீர் அடித்தாள். நானும் அடித்தேன். அவள் சிரித்த சிரிப்புக்கே அந்தப் பயணம் தகும்.

ஆனால் அங்கே புருசன் பெண்சாதியாக வந்தவர்கள் நிறையப் பேர். ஒருத்தி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு புருசனின் தோளைப் பிடித்து நடந்தாள். வழுக்கியதும் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள், விழுந்த இடத்திலேயே இருந்து சிரித்தார்கள். நான் கல்லில் இருந்து அவர்களை முறைத்துப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி அதற்கு உதவியது.

“அம்மா, நீங்கள் அழுறியளா?”

“தண்ணி பட்டிட்டுது.”

நிலக்ஷி என் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தண்ணீருக்குள் இறங்கினாள். அந்தப் பிள்ளைக்கு என் நாக்கு, தகப்பனின் பொறுமை. எப்போது எதை எடுப்பாள் என்று சொல்ல முடியாது.

மேலே ஏறி வந்து மரத்தடியில் சீலை விரித்துச் சாப்பிட்டோம். அவ்வொக்காத்தோ புட்டைக் கரண்டியால் எடுத்து, கோழிக் குழம்பில் தோய்த்து, கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டார். றோல்ஸ் நாலு போனது. அவருடைய கழுத்துப்பட்டியில் குழம்பு சிந்தாமல் இவர் லேஞ்சி கட்டிவிட்டார். சாப்பிட்டு முடிந்ததும் நிலக்ஷி தன் பையில் இருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்துக் கிழவருக்கு முன்னால் வைத்தாள்.

“அப்பா, அம்மாவோடை கீழை போங்கோ. நான் இவரோடை ஸ்கோப்பா விளையாடுறன்.”

“இல்லைக் குஞ்சு, ரெண்டு மணிக்குக் குளிசை.”

“தெரியும். நீலப் பெட்டி.”

“எழும்பேக்கை தலை சுத்தும். கொஞ்ச நேரம் இருத்திப்போட்டுத்தான்—”

“அப்பா. பஸ்தா. போதும்.”

இவர் கிழவரைப் பார்த்தார். கிழவர் ஏற்கெனவே சீட்டைக் குலுக்கத் தொடங்கியிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, “போ ராஜா, நீ நிற்கிறபடியால்தான் எனக்கு வயதான மாதிரி இருக்கிறது” என்றார். பிறகு நிலக்ஷியோடு சுத்தப் பலெர்மோக் கொச்சையில் ஏதோ பந்தயம் கட்டினார்.

ஆக, இவர் என்னோடு வந்தார். படியில் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். கீழே போய் நின்றும் ஃபோனை எடுத்துப் பார்த்தார். அந்தப் பள்ளத்துக்குள் சிக்னல் இல்லை. நான் ஃபோனை வாங்கிப் பைக்குள் போட்டேன். சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்து, தண்ணீருக்குள் ஒரு காலை வைத்தார். “ஐயோ!” என்று கத்தினார். இவ்வளவு பெரிய சத்தம் அவருக்குள் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. பிறகு சிரித்தார். என் கையைப் பிடித்து அந்த ஆற்றுக்குக் குறுக்கே கூட்டிக்கொண்டு போனார். மறு கரையில் வெயில் பட்டுச் சூடாக ஒரு தட்டைக் கல் இருந்தது. அதில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

இதுதான் நேரம். நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

“இஞ்சாருங்கோ, உங்களோடை ஒண்டு கதைக்கவேணும்.”

“சொல்லும் ஈசு.”

“முதல் பிள்ளையின்ரை பள்ளிக்கூடம்” என்று தொடங்கினேன். நேராக விசயத்துக்கு வந்திருக்க வேண்டும். அது என் பிழை. ஒழுங்காக அடுக்கி வைத்ததை ஒழுங்காகவே சொல்ல வேண்டும் என்கிற என் புத்தி. பள்ளிக்கூடம் முடிந்து மேல்வீட்டு ஒழுக்குக்கு வந்தபோது பக்கத்தில் குறட்டை கேட்டது.

ஆற்றில் தள்ளிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு அந்த முகத்தைப் பார்த்தேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வீட்டில் படுக்கும்போது நெற்றியில் ஒரு சுருக்கம் இருக்கும், எந்த நேரமும் யாராவது கூப்பிடுவார்கள் என்கிற மாதிரி. இப்போது அது இல்லை. வெயில் முகத்தில் படாமல் பையில் இருந்த என் தொப்பியை வைத்துவிட்டு, அரை மணித்தியாலம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுப்பியபோது பதறி எழும்பினார். “எத்தினை மணி? குளிசை குடுத்ததோ?” என்றார். நான் படியைப் பார்த்து நடந்தேன்.

ஏறத் தொடங்கியதும் என் முழங்கால் தன் வேலையைக் காட்டியது. வருடக்கணக்காகத் தரை துடைத்த முழங்கால். ஐந்தாம் படியிலேயே நின்றுவிட்டேன். அப்போது என் முழங்கைக்குக் கீழே ஒரு கை வந்தது. இறுக்கிப் பிடிக்காத கை.

“பியானோ, பியானோ” என்றார். மெதுவா என்று சொல்கிறார். “ஊனோ. தூவே. த்ரே.”

இத்தாலியனில் எண்ணுகிறார். அவருக்கே தெரியாமல் எண்ணுகிறார். நான் கிழவி இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன், ஆனால் அந்தக் கை நல்லாக இருந்தது. பத்தாம் படியில் நிறுத்தினார், மூச்சு விட்டோம். இருபதில் நிறுத்தினார். என் கால் நோகிற இடத்தில் கை தானாக உயர்ந்தது. ஒன்பது வருடமாக ஒரு கிழவர் இப்படியா ஏறுகிறார் என்று நினைத்தேன். சுகமாகத்தான் ஏறியிருக்கிறார்.

“செஸ்ஸாந்தா” என்றார். அறுபது. அதில் நிறுத்தாமல் ஏறினார். “செஸ்ஸாந்தூனோ. செஸ்ஸாந்தாதூவே.”

அறுபத்திரண்டாம் படியில் நின்றார். என் கையை விட்டார். வலக்கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுத் திறப்புக்கோர்வையை, அதாவது சாவிக்கொத்தை, எடுத்தார். அதிலிருந்து ஒரு நீளத் திறப்பைத் தேடி விரலால் பிரித்து, முன்னால் நீட்டினார்.

முன்னால் கதவு இல்லை. கறுப்புக் கல்லும், அதில் முளைத்த ஒரு புல்லும்தான் இருந்தன.

இரண்டு பேரும் அந்தத் திறப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மேலே ஏறுகிற ஒரு குடும்பம் எங்களை விலத்திக்கொண்டு போனது.

“அங்கை அறுபத்திரண்டு படி” என்றார் மெல்ல. “அதுதான்.”

நான் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. அடுக்கி வைத்தது எல்லாம் எங்கோ போய்விட்டது. ஒன்றைத்தான் கேட்டேன்.

“எங்கட வீட்டுக்கு எத்தினை படி?”

அவர் யோசித்தார். இரண்டாம் மாடி, என்று விரலை மடக்கினார். பிறகு விரலை விரித்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் நன்றாகத் திறந்திருந்தது.

“தெரியேல்லை, ஈசு.”

“இரவிலை வீட்டை வாருங்கோ” என்றேன். “பகலிலை அவரைப் பாருங்கோ. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. இரவிலை வாருங்கோ.”

அவ்வளவுதான். மூன்று கிழமையாகச் சேர்த்ததைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் அவர் கையிலிருந்த திறப்புக்கோர்வையை வாங்கி என் பைக்குள் போட்டேன்.

“இஞ்சை ஒரு கதவும் இல்லை. ஏறுங்கோ. அறுபத்து மூண்டு.”

“அறுபத்து நாலு” என்றார்.

மேலே வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. அவ்வொக்காத்தோ காரின் பின் சீற்றில் ஏறி இருந்தார். நிலக்ஷி பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் சீட்டுக்கட்டு. மூன்று ஆட்டம் அவர், நாலு ஆட்டம் இவள், ஆகவே போகிற வழியில் கணக்குத் தீர்க்க வேண்டுமாம், அதற்குப் பின் சீற்தான் வசதி என்று கிழவர் எனக்கு விளக்கினார். வக்கீல் அல்லவா, காரணம் இல்லாமல் ஒன்றும் செய்ய மாட்டார். ஆனால் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த தன் தொப்பியைப் பார்த்தார்.

முன் சீற் காலியாக இருந்தது.

ஏறினேன். திறப்புக்கோர்வையை இவரிடம் கொடுத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டேன். இவர் என் பெல்ற்றை இழுத்துக் கொழுவி, கிழவருக்குச் செய்கிற மாதிரியே ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். கார் தேசித் தோட்டங்களுக்குள் இறங்கியது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் தூரத்தில் கடல், பக்கத்தில் என் மனிதர், கண் முழித்தபடி. மூன்று மணித்தியாலம் இருக்கிறது. எதில் தொடங்கலாம் என்று யோசித்தேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது சீசாவின் மாலை இரைச்சல்தான். எங்கள் தெருவில், எங்கள் வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது. இன்னும் வெளிச்சம் இருந்தது. என் மேல் இவருடைய மேற்சட்டை போர்த்தியிருந்தது. கண்ணாடி மூக்கில் சரிந்து கிடந்தது.

“வந்திட்டமே?” என்றேன். எனக்கு என்னிலேயே கோபம் கோபமாக வந்தது. “ஏன் என்னை எழுப்பேல்லை?”

இவர் அதற்குள் இறங்கிப் பின்னால் போய்ப் பானையை எடுத்துக்கொண்டிருந்தார். நிலக்ஷி பின்னாலிருந்து குனிந்து என் காதுக்கு அருகே சொன்னாள்.

“அப்பா வழி முழுக்க உங்களோடை கதைச்சுக்கொண்டு வந்தவர்.”

“நான் நித்திரை எண்டு தெரியாதோ அவருக்கு?”

“தெரியும்” என்றாள். “கத்தானியாவிலை தொடங்கினவர், என்னா வரைக்கும். பிறகு அவ்வொக்காத்தோவோடை கதைச்சவர். கொஞ்சம் சண்டை. பிறகு சரி.”

“என்ன சண்டை?”

“அவரிட்டைக் கேளுங்கோ.”

பின் சீற்றில் கிழவர் முன்னால் பார்த்தபடி நிமிர்ந்து இருந்தார், வழக்கில் தோற்றாலும் கோட்டுப் பொத்தானைத் திறக்காத வக்கீல் மாதிரி. நான் இறங்கியபோது தொப்பியைத் தூக்கினார். “போனாசேரா, சிஞ்ஞோரா. புட்டு நன்றாக இருந்தது” என்றார். புட்டு என்ற சொல்லைத் தமிழில்தான் சொன்னார். அது நாலாவது சொல்.

நிலக்ஷி அவரோடு காரில் இருக்க, இவர் பானையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினார். நான் பையோடு பின்னால். மெல்லிய குரலில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஏறினார். முதலில் அவர் அலுப்பில் முனகுகிறார் என்று நினைத்தேன். முதலாம் மாடி திரும்பியபோது கேட்டது. எண்ணிக்கொண்டு போகிறார். தமிழில்.

எங்கள் கதவடியில் பானையை இறக்கி வைத்தார்.

“முப்பத்தெட்டு.”

“பிழை” என்றேன். “வாசலிலை ஒரு படி இருக்கு, அதை நீங்கள் எண்ணேல்லை. முப்பத்தொன்பது.”

அவர் திரும்பிப் படிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பரவாயில்லை, ஈசு” என்றார். “வாற மாதத்திலையிருந்து ஒவ்வொரு இரவும் எண்ணலாந்தானே.”

நான் பையைத் திறந்து எங்கள் வீட்டுத் திறப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.